நாலு மாதக் குழந்தை, நாற்பது லட்சம் கடன்: எதை இப்போது முடிவு செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் மாதத்தில் இரவு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிய மகள், நாலு மாதம் ஆனதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கிறாள். சென்னைப் புறநகரில் வாங்கிய வீட்டுக்கு 40 லட்சம் கடன் பாக்கி, இன்னும் 20 வருடம். வட்டி 8.75 சதவீதத்திலிருந்து 7.5க்கு இறங்கியிருக்கிறது. இஎம்ஐயைக் குறைப்பதா, கால அளவைக் குறைப்பதா, கையில் இருக்கும் 5 லட்சத்தைக் கடனில் கட்டுவதா, கால் சதவீதம் குறைவாகத் தருகிறோம் என்று தினமும் அழைக்கும் வேறொரு வங்கிக்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவியின் பேறுகால விடுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம். ஆனால் உண்மையான கேள்வி உங்கள் கடைசி வரியில் இருக்கிறது: "இப்படித் தூங்காமல் இருக்கும்போது நாங்கள் எடுக்கும் முடிவை நம்பலாமா?" அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். திருப்பி எடுக்க முடிகிற முடிவுகளை எடுங்கள். திருப்ப முடியாதவற்றை ஒதுக்கி வையுங்கள். அப்படிக் காத்திருப்பதற்கு என்ன விலை என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம், அது நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக் கடன் என் தொழில். குழந்தைத் தூக்கம் பற்றி நான் சொல்வது குழந்தை மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இருப்பது. உங்கள் மகளைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

தூக்கத்தில் உறுதியாகத் தெரிந்தது இது. பிறந்த குழந்தையின் தூக்கம் இரண்டே வகை: முகம் சுளித்து, கை கால் அசைத்து, சப்புக்கொட்டும் அசைவுத் தூக்கம் ஒன்று, அசையாத அமைதித் தூக்கம் மற்றொன்று. மூன்று, நான்கு மாதத்தில் மூளை முதிர்ந்து, பெரியவர்களுக்கு இருப்பது போன்ற படிநிலைகள் உருவாகின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பது எல்லா மனிதருக்கும் உண்டு. நாம் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுகிறோம், குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. ஆகவே உங்கள் மகளுக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை. 4 முதல் 12 மாதம் வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன அளவு. மூன்று நாள் கூட்டிப் பாருங்கள். துண்டு துண்டாக இருந்தாலும் மொத்தம் அந்த எல்லைக்குள் வந்தால் குழந்தைக்குப் போதுமான தூக்கம் கிடைக்கிறது. தூக்கம் பற்றாமல் இருப்பது உங்கள் இருவருக்கும்தான்.

"நாலாம் மாதத் தூக்கப் பின்னடைவு" என்று இணையத்தில் அடிபடுவது மருத்துவ நோயறிதல் அல்ல. எல்லாக் குழந்தைக்கும் அது வரும், இரண்டே வாரத்தில் போய்விடும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. சில குழந்தைகள் ஒரு வாரத்தில் தேறுகின்றன, சில ஏழெட்டு மாதம் வரை விழித்துக்கொண்டே இருக்கின்றன. யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள், அந்தத் தேதியை நம்பி வேலை, பணம் பற்றித் திட்டமும் போடாதீர்கள். மார்பில் பால் குடித்தபடியோ ஆட்டிவிடும்போதோ தூங்கிப்போன குழந்தை நடுவில் விழித்ததும் அதையே தேடும் என்பது பரவலாகக் காணப்படுவது. ஆனால் அதுதான் காரணமா, அடிக்கடி விழிக்கும் குழந்தையைத்தான் பெற்றோர் அதிகம் ஆட்டுகிறார்களா என்பது இன்னும் தீராத விவாதம். குழந்தையை அழவிட்டுப் பழக்கும் முறைகளை ஆறு மாதத்துக்கு முன் தொடங்க வேண்டாம்.

இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. இந்த வயதில் குழந்தைக்குப் பகலில் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிடும். பால் குடிக்கும்போது நாலு வாய் இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பகலில் விட்டதை இரவில் கேட்கும். எனவே பகல் பாலை, குறிப்பாக மாலை நாலு மணியிலிருந்து ஏழரை வரை கொடுப்பதை, ஃபோனும் டிவியும் இல்லாத அரையிருட்டு அறையில் கொடுங்கள். காலை ஏழு மணிக்குள் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படச் செய்யுங்கள். இரவில் பால் கொடுக்கும்போது பெரிய விளக்கு போடாமல், பேசாமல், டயப்பர் நிறைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். இந்த வயதில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தால் களைப்பில் இன்னும் அழுவார்கள், ஆகவே கண்ணைக் கசக்கும்போதே படுக்க வையுங்கள். இரவில் முனகல் கேட்டதும் தூக்கிவிடாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பாருங்கள். இமை மூடியபடி உள்ளே விழி ஓட, உதடு மட்டும் சப்புகிறதா? அது அசைவுத் தூக்கம். தூக்கினால் நீங்களே எழுப்பியதாகிவிடும். கண் திறந்து தலையைத் திருப்பித் தேடினால்தான் பசி.

தூளி பற்றிச் சொல்லாமல் போக முடியாது, நம் வீடுகளில் பாதித் தூக்கம் அதில்தான். முதுகு மல்லாந்து, சமதளமான, அழுத்தமான படுக்கையில், தலையணையும் தளர்வான போர்வையும் இல்லாமல் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு என்பதில் மருத்துவர்களிடம் கருத்து வேறுபாடு இல்லை. பெற்றோர் தூங்கும் அதே அறையில், தனிப் படுக்கையில், குறைந்தது ஆறு மாதம் வரை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதல். தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் படிந்து, மூச்சு சிரமப்படலாம். துணி முகத்தில் மூடலாம். பெரியவர்கள் கேட்கமாட்டார்கள் என்றால் பகலில், யாராவது விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று கறாராக இருங்கள். தூங்கியதும் எடுத்துப் படுக்கையில் போடுங்கள். புரள ஆரம்பித்த நாளிலிருந்து தூளியும் வேண்டாம், துணி சுற்றிக் கட்டுவதும் வேண்டாம். தரையில் கோரைப்பாய், அதன் மேல் அமுங்காத மெல்லிய பருத்தி மெத்தை போதும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து நீங்கள் தூங்கிப்போவது. தூக்கத்துக்காக வசம்பு, கிரைப் வாட்டர், சளி சிரப், தேன், அரிசிக் கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலோ டாக்டர் சொன்ன பால்மாவோ மட்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, எடை ஏறவில்லை என்றாலோ, மூச்சில் வேகமோ விட்டுவிட்டு நிற்பதோ இருந்தாலோ அது தூக்கப் பிரச்சினை இல்லை, உடனே மருத்துவரிடம் போங்கள்.

இனி உங்கள் இருவரின் தூக்கம். இரவை இரண்டாக வெட்டுங்கள்: ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர் பொறுப்பு, இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். "ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்திருப்போம்" என்பது பார்க்க அன்பாகத் தெரியும், விளைவு இருவருமே ஒரு முழுத் தூக்கமும் இல்லாமல் போவது. உங்கள் பங்கில் வரும் முதல் விழிப்புக்குப் பிழிந்து வைத்த தாய்ப்பாலைக் கொடுக்கலாம். 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் அது நாலு மணி நேரம் தாங்கும், சென்னை வெயிலில் அதை நம்பாமல் பிழிந்ததும் ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், நாலு நாள் இருக்கும். மனைவி வேலைக்குத் திரும்பும்போது இந்தப் பழக்கம் எப்படியும் தேவைப்படும். நேரடியாகக் கொடுப்பதுதான் அவருக்கு வசதி என்றால், குழந்தையை எடுத்து வருவது, ஏப்பம் எடுக்க வைப்பது, படுக்க வைப்பது எல்லாம் உங்கள் வேலையாக இருக்கட்டும். குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்று இரண்டு வாரம் நீடித்தால் அதைக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

உங்கள் பயத்துக்கு அடிப்படை உண்டு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997லேயே அளந்திருக்கிறார்கள். (ஆகவே காலையில் பைக்கை விட்டு ரயிலில் போக முடிந்தால் போங்கள்.) பணத்துக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துவது 2011இல் வந்த ஓர் ஆய்வு: ஒரு இரவு தூங்காதவர்கள், இழப்பைத் தவிர்ப்பதைவிட லாபத்தைப் பெருக்குவதிலேயே அதிகம் சாய்ந்தார்கள். அது ஆய்வகத்தில், இளைஞர்களிடம், ஒரே இரவில் செய்தது. மாதக்கணக்காக அரைத்தூக்கத்தில் இருக்கும் பெற்றோருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் "மாசம் இவ்வளவு மிச்சம் சார்" என்று அழைக்கிற குரல் சரியாக அந்தப் பலவீனத்தைத்தான் தொடுகிறது.

கடனுக்கு வருவோம். முதலில் இந்த மாதமே செய்ய வேண்டிய சின்னக் காரியங்கள் மூன்று. குழந்தையின் பெயரை மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பிறந்த இத்தனை நாளுக்குள் என்று கெடு இருக்கும். தனிப் பாலிசிகள் பலவற்றில் 90 நாள் கழித்துச் சேர்ப்பார்கள், ஆகவே இப்போது கேட்க வேண்டிய நேரம். அடுத்து, இஎம்ஐ எடுக்கும் கணக்கில் எப்போதும் இரண்டு தவணைப் பணம் கிடக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு மாதம் பணம் மாற்ற மறந்து நாச் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு) பணமில்லாமல் திரும்பினால் அபராதத்தோடு, கடனைக் கட்டும் ஒழுங்கைப் பதிவு செய்யும் சிபிலிலும் தழும்பு விழும். மூன்றாவது, நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய கடன் என்பதால் இருவர் பேரிலும் கடன் அளவுக்காவது டெர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு வங்கியின் காலாண்டு ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். இதுவரை கழிந்த அசலும் வட்டியும், இஎம்ஐ தொகை, மீதித் தவணை எண்ணிக்கை, வட்டி விகிதம் ஆகியவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் போட்ட விதி. மீதித் தவணையை முதலில் பாருங்கள். 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியபோது பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டன. 20 வருடக் கடன் 28, 30 வருடமாக மாறியது பலருக்குத் தெரியாது. 2025இல் ரெப்போ படிப்படியாக 5.25க்கு இறங்கியது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது என்பதால் இறக்கம் முழுவதும் கிடைத்திருக்கிறது. 2019 அக்டோபருக்கு முந்தைய எம்சிஎல்ஆர் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி) கடனோ, வீட்டுவசதி நிதி நிறுவனக் கடனோ வைத்திருப்பவர்களுக்கு அப்படித் தானாக இறங்காது, அவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது கணக்கு. 40 லட்சம், 240 மாதம், 8.75 சதவீதத்தில் இஎம்ஐ 35,348 ரூபாய். 7.5இல் அதே 240 மாதத்துக்கு 32,224. மாதம் 3,124 குறைகிறது. இஎம்ஐயைத் தொடாமல் விட்டால் கடன் 240 மாதத்துக்குப் பதில் ஏறக்குறைய 197 மாதத்தில் முடியும், மொத்த வட்டியில் ஏழரை லட்சத்துக்கு மேல் மிச்சம் (வட்டி 7.5லேயே நின்றால், அது நிற்காது, ஏறும் இறங்கும்). இந்த ஏழரை லட்சத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் "கண்ணை மூடிக்கிட்டுக் காலத்தைக் குறைங்க" என்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வி இருபது வருடத்துக்கானது அல்ல, அடுத்த ஒரு வருடத்துக்கானது. ஒரு வருடம் மட்டும் குறைந்த இஎம்ஐ கட்டினால் கையில் நிற்பது 37,488 ரூபாய். அந்த வருட முடிவில் கடன் பாக்கி 38,804 ரூபாய் கூடுதலாக இருக்கும். பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்து அன்றைக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் உங்களுக்கு இழப்பு 1,316 ரூபாய், அந்தப் பணம் வங்கியில் சம்பாதித்த வட்டியைக் கழித்தால் இன்னும் குறைவு. ஒரு வருடம் யோசிக்க அவகாசம் கிடைப்பதற்கு விலை அவ்வளவுதான். தனிநபர் மிதவை வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடனில் பார்ட் பேமென்ட்டுக்கு, அதாவது அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதற்கு, அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012லிருந்து வங்கிகளுக்கு விதி, ஆகவே இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.

என் கருத்து: மனைவி வேலைக்குத் திரும்புவது உறுதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகிவிட்டது என்றால் இஎம்ஐயை அப்படியே விடுங்கள், வங்கிக்கு "இஎம்ஐ மாற்ற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். அதில் துளி சந்தேகம் இருந்தாலும் இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டு, அந்த 3,124 தானாக வேறொரு கணக்குக்குப் போகும்படி வையுங்கள். சம்பளம் இல்லாத விடுப்பை இரண்டு மாதம் நீட்ட வேண்டி வந்தால் அந்தப் பணம் கை கொடுக்கும்.

5 லட்சத்தைக் கடனில் கட்டினால் முதல் வருடம் மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய 37,500. அதே பணம் 6.5 சதவீத வைப்பில் 32,500 தரும், அதற்கு வரி உண்டு. உங்கள் வரி வரம்பைப் பொறுத்து வருடத்துக்கு ஐந்திலிருந்து பதினைந்தாயிரம் வரை "நஷ்டம்". அது நஷ்டம் இல்லை, கையில் பணம் இருப்பதற்கான கட்டணம். கடனில் போட்ட பணம் திரும்பி வராது. டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்டால் புது விண்ணப்பம், புது வருமானச் சான்று. ஆறு இஎம்ஐயே 2.12 லட்சம் ஆகிறது, அதோடு ஆறு மாத வீட்டுச் செலவும் சேர்த்தால் உங்கள் 5 லட்சம் அப்படியே அவசர நிதிதான். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை தொடாதீர்கள். "வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திரு" என்று யாராவது சொன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சொந்தக் குடியிருப்பு வீட்டுக் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது.

வங்கி மாறுவதைத்தான் நான் உறுதியாகத் தடுப்பேன். 40 லட்சத்தில் கால் சதவீதம் என்றால் முதல் வருடம் மிச்சம் ஏறக்குறைய 10,000 ரூபாய், பாக்கி குறையக் குறைய அதுவும் குறையும். செலவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் புது வங்கிக்கு எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) மறுபடி பதிய வேண்டும்: முத்திரைத்தீர்வை கடனில் அரை சதவீதம், அதாவது 20,000, பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 6,000. பழைய எம்ஓடியை ரத்து செய்யும் ரசீதுப் பதிவு, வக்கீல் பார்வை, மதிப்பீடு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு ப்ராசஸிங் கட்டணம். 45,000 ஆகிறது என்று வைத்தாலும் போட்டதை எடுக்க நாலரை வருடத்துக்கு மேல் ஆகும். அதோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் போய் நிற்க வேண்டும், கைக்குழந்தையோடு. புது வங்கி அண்மைய சம்பளச் சீட்டுகளைக் கேட்கும். மனைவி விடுப்பில் இருக்கும்போது அதுவும் சிக்கல். இதற்குப் பதிலாக உங்கள் வங்கிக்கே ஒரு கடிதம் கொடுங்கள்: புதிதாகக் கடன் வாங்குபவருக்கு என்ன ஸ்ப்ரெட் (ரெப்போவுக்கு மேல் வங்கி கூட்டும் சதவீதம்) தருகிறீர்களோ அதை எனக்கும் தாருங்கள் என்று. சில ஆயிரம் ரூபாய் மாற்றுக் கட்டணத்தோடு பல வங்கிகள் செய்துகொடுக்கின்றன. ஸ்ப்ரெட்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் தொட முடியும் என்று கிளையில் சொன்னால், வாடிக்கையாளரைத் தக்கவைக்க அதற்கு முன்பே குறைக்கலாம் என்று 2025 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருப்பதைச் சொல்லுங்கள். அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்து, உங்கள் வங்கி மறுத்தால் மட்டும், குழந்தைக்குப் பத்து மாதம் ஆன பிறகு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அழைப்பவர் ஃபோனில் ஓடிபி கேட்டாலோ லிங்க் அனுப்பினாலோ அழைப்பைத் துண்டியுங்கள்.

வேலையை விடுவது பற்றி உங்கள் மனைவி யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய முடிவு, இஎம்ஐ கணக்கு அதில் ஒரு பகுதிதான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். சட்டப்படியான 26 வாரம் முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை, பாதி நாள் வேலை, சம்பளமில்லாத விடுப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பார்க்கட்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் குழந்தைக் காப்பக வசதி தரும் கடமையும் அதற்கு உண்டு. இருவரும் பேச வேண்டியிருந்தால் சனிக்கிழமை காலை, இருவருக்கும் ஒரு நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைத்த பிறகு உட்காருங்கள்.

உங்கள் சாங்ஷன் கடிதத்தை (கடனை அனுமதித்து வங்கி கொடுத்த கடிதம்) பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: குறைத்த இஎம்ஐயை மறுபடி உயர்த்த உங்கள் வங்கி கட்டணம் வாங்குமா என்பது. அதில் "ரீசெட்" என்று வரும் பத்தியையும் கட்டண அட்டவணையையும் படியுங்கள். புரியாவிட்டால் பெயர், கணக்கு எண் இரண்டையும் மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.